மூவாயிரம் அடி வீட்டுக்கார அம்மா

பெங்களூரு குளிரான ஊர் என்று இன்னும் எவனாவது சொன்னால் அவனை ஏப்ரல் மாதத்தில் ஒரு மத்தியானம் மொட்டை மாடி அறையில் உட்கார வைக்க வேண்டும். நான் உட்கார்ந்தவன். மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் கட்டிய ஒற்றை அறையில் மூன்று வருடம் குடியிருந்தேன். சீலிங் ஃபேன் கிடையாது. நான் பார்த்த வேலை ஏசி சர்வீஸ். பகலெல்லாம் ஊரார் வீட்டைக் குளிரவைத்துவிட்டு, சாயங்காலம் வந்து என் வேர்வையில் நானே ஊறுவேன். வயிறு எரியாதா?

இதற்குக் காரணம் கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா. பெயர் எழுதப் போவதில்லை. அறுபது வயது இருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடம். ஒரே மகன். நல்ல மனுஷிதான். ஆனால் உயரம் என்று ஒரு பைத்தியம் அவரைப் பிடித்திருந்தது. ஆள் உயரம் இல்லை, ஊர் உயரம்.

வீடு பார்க்கப் போன அன்று அவர் என் சாதியைக் கேட்கவில்லை, கறி சமைப்பாயா என்றும் கேட்கவில்லை. கல்யாணம் ஆகாதவனுக்கு வீடு இல்லை என்றும் சொல்லவில்லை. நான் ஏறி இறங்கிய வீடுகளில் இதையெல்லாம் கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

"எந்த ஊருப்பா?"

"வேலூர் பக்கம்மா. காட்பாடி."

கண்ணை மூடி ஏதோ கணக்குப் போட்டார். "எழுநூறு அடி. அய்யோ பாவம். இங்க மூவாயிரம். ஒரு வாரத்துக்குத் தலை கொஞ்சம் கிறுகிறுன்னு இருக்கும், பயப்படாதே. சாவி இந்தா."

எனக்குத் தலை சுற்றியது உண்மை. அது அவர் பேச்சைக் கேட்டு.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ரயில் நிலையத்தில் ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகை இருக்கிறதே, அதில் ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று சின்னதாக எழுதியிருக்கும். ரயில் நின்றதும் நாம் டீக்காரனைத் தேடுவோம். அவர் அந்த எண்ணைத் தேடுவார். மீட்டரை அடியாக மாற்றி மனசில் போட்டுக்கொள்வார். பிறகு அந்த ஊர்க்காரன் எவன் வந்தாலும் அவனுக்கு அதுதான் பெயர்.

நான் 'எழுநூறு' ஆனேன். "எழுநூறு, மோட்டார் போட்டியா?" "ஏய் எழுநூறு, கேட்டைச் சாத்து, மாடு வருது." பால் போடுகிறவர் சேலத்துக்காரர், அவர் 'தொள்ளாயிரம்'. பக்கத்து வீட்டில் குடியிருந்த சென்னைக்காரர் பேங்கில் பெரிய பதவியில் இருந்தவர். அவர் 'சைபர்'. முகத்துக்கு நேராக அம்மா சொல்லமாட்டார். ஆனால் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, "சைபர் காரை நம்ம கேட்டு முன்னாடி நிறுத்தியிருக்கு பாரு" என்பார். ஓசூர்க்காரர்களிடம் மட்டும் கொஞ்சம் மரியாதை உண்டு. "அது நம்ம கூடப் பொறந்த ஊரு. கொஞ்சூண்டுதான் கம்மி."

ஊர் இருக்கிற இடத்தைப் பற்றியும் அவருக்கென்று ஒரு பாடம் இருந்தது. கையை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு சொல்வார்.

"இந்தப் பக்கம் மெட்ராஸ் கடல். அந்தப் பக்கம் மங்களூர் கடல். ரெண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். நடுவுல மேடை போட்டு வச்ச மாதிரி நம்ம ஊரு. காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து கிளம்பினாலும் இங்க ஏறி வந்து மூச்சு வாங்கிட்டுத்தான் போகணும்."

"அந்தக் காத்துக்கு என் ரூம் மட்டும் தெரியலையேம்மா."

"ஜன்னலைத் திற."

"திறந்துதான் இருக்கு."

"அப்ப வரும். சும்னே இரு."

சும்மா இரு என்பதைக் கன்னடத்தில் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அந்த வீட்டில் ஒரு கூரையிலும் ஃபேன் மாட்டுகிற கொக்கி இல்லை. கட்டும்போதே வைக்கவில்லை. பழைய பெங்களூருக்காரர்கள் பலருக்கு இந்த வீம்பு உண்டு. ஃபேன் இல்லாத வீடு என்றால் பட்டம் வாங்கிய மாதிரி. ஏரியை மூடி வீடு கட்டியாயிற்று, மரத்தை வெட்டி ரோடு போட்டாயிற்று, வெயில் வந்து நடு ஹாலில் உட்கார்ந்தாயிற்று. இவர்கள் மட்டும் கொக்கி வைக்கமாட்டார்கள். முதல் ஏப்ரலில் நான் நேராகப் போய்ச் சண்டை போட்டேன்.

"ம்மா, மேல அடுப்பு மாதிரி இருக்கு. ஒரு ஃபேன் மாட்டிக்கிறேன். செலவு என்னோடது."

"பேடா, வேண்டாம். மூவாயிரம் அடில இருக்கற வீட்டுல எதுக்கு ஃபேன்?"

"வேர்க்குது."

"எப்படி வேர்க்கும்? நீ என்னைவிடப் பத்தடி மேல இருக்க. உனக்கு இன்னும் குளிரணும்."

இப்படிப் பேசுகிறவரிடம் என்ன வழக்காடுவது? அன்றைக்கே போய் ஒரு டேபிள் ஃபேன் வாங்கிவந்தேன். சத்தம் போடுகிற மட்ட ரகம். மறுநாள் காலையில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கும் சாக்கில் படியேறி வந்தவர், கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"உள்ள என்னப்பா சத்தம்?"

எனக்குக் கோபம். "மிக்ஸிம்மா."

"ஹௌதா, அப்படியா? ராத்திரி பூரா ஓடிச்சே. அவ்வளவு சட்னியா?"

"எனக்குப் பசி ஜாஸ்தி."

"நல்லா சாப்பிடு. எழுநூறு அடிலேர்ந்து வந்த உடம்பு." இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அது மிக்ஸிதான். கரண்ட் பில் ஏறியபோதுகூட, "மிக்ஸியில கொஞ்சம் கம்மியா அரைப்பா" என்றாரே தவிர, வேறு பேச்சு இல்லை.

வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் நிலைமை என் நிலைமையைவிட மோசம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர்களுக்கு ஆளுக்கொரு ஸ்வெட்டர் கொடுப்பார். அதற்கென்றே நாலைந்து ஸ்வெட்டர் துவைத்து மடித்து வைத்திருப்பார். எந்த மாதமானாலும் சரி. கொடுத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். "ஆஹா, என்ன குளிர்" என்று வந்தவர் சொல்கிறவரைக்கும் காப்பி வராது. சொன்னதும், இந்த மலையைத் தானே மண் சுமந்து கொட்டி உயர்த்திய மாதிரி ஒரு சிரிப்பு சிரிப்பார். ஒரு மே மாதம் அரக்கோணத்திலிருந்து அவருடைய சொந்தத் தம்பி வந்தார். ஸ்வெட்டரோடு உட்கார்ந்து சுடச்சுட ரசம் சாப்பிட்டார். மூக்கு நுனியிலிருந்து வேர்வை இலையில் சொட்டியது. சாப்பிட்டதும் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, உன் ரூம்ல கொஞ்ச நேரம் இதைக் கழட்டிட்டு உக்காரலாமா? அக்காகிட்ட சொல்லிடாதே" என்றார். மிக்ஸி முன்னால் உட்கார வைத்தேன்.

ஆமாம், அவர் பிறந்தது அரக்கோணம். கேட்டால், "அது என் தப்பா?" என்பார்.

எனக்கு டெங்கு வந்தபோது அந்தப் படியை நாளெல்லாம் ஏறி இறங்கியவர் அவர்தான். கஞ்சி, ரசம், மாத்திரை, ஆட்டோ எல்லாம் அவர். மகனை ஆஸ்பத்திரியில் என்னோடு படுக்க வைத்தார். ஆனால் டாக்டரிடமே சண்டை. "இவ்வளவு உசரத்துல கொசு வராது டாக்டர். இது இவன் போன வாரம் ஊருக்குக் கீழ போயி வாங்கிட்டு வந்தது." டாக்டர் மைசூர்க்காரர். தலையை ஆட்டிவிட்டு ஊசியைப் போட்டார்.

ஒரு நாள் அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கெட்டுப்போனது. கேஸ் நிரப்ப நான்தான் போனேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"மூவாயிரம் அடில ஃபிரிட்ஜ் எதுக்கும்மா?"

"அது பாலுக்கு. பால் கீழேர்ந்து வருது."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு என்ன தோன்றியதோ, அடுக்களைப் பலகையில் உட்கார்ந்து தானாகவே சொல்ல ஆரம்பித்தார். கல்யாணமாகிப் புருஷனோடு முதல் முறை ரயிலில் வந்த கதை.

"ஜோலார்பேட்டை தாண்டினதும் வண்டி மெதுவாச்சு. ஏன்னு கேட்டேன். 'மேல ஏறுதும்மா'ன்னாரு. எனக்குத் தெரியாது, ரயில் ஏறும்னு. பங்காருப்பேட்டை வரும்போது விடியுது, ஒரே குளிரு. நான் நடுங்கறேன். அரக்கோணத்துல நான் எங்க நடுங்கினேன்? எங்க வீட்டுல அடுப்பு முன்னாடியே இருந்தவ. கழுத்தெல்லாம் வேர்க்குரு. அவரு தன் ஸ்வெட்டரைக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டாரு. 'இனிமே உனக்கு வேர்க்காது'ன்னாரு." ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் சொன்ன மாதிரியே வேர்க்கலப்பா. அவர் இருந்த வரைக்கும் ஒரு நாள் வேர்க்கல."

கேஸ் நிரப்பிவிட்டுப் படியேறினேன்.

இந்த உயரப் பைத்தியத்தால் அடிபட்டது அவர் மகன் பிரகாஷ். முப்பத்து நான்கு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பையன் தங்கம். அம்மாவின் வாய்தான் வினை. சென்னையிலிருந்து ஒரு பெண் வீட்டார் வந்தார்கள். எல்லாம் சரியாகி, தட்டு மாற்ற நாள் பார்க்கும்போது, "எப்படிங்க அந்த சைபர்ல குடும்பம் நடத்தறீங்க?" என்று கேட்டுவிட்டார். எழுந்து போய்விட்டார்கள். திருச்சியிலிருந்து வந்தவர்களிடம், பெண்ணுக்குச் சூட்டு உடம்பா என்று விசாரித்தார். அவர்களும் போனார்கள். இரண்டு முறையும் பையன் ஒரு வாரம் அம்மாவிடம் பேசவில்லை.

கடைசியில் அவன் தன்னோடு வேலை பார்க்கிற கீதாவை விரும்பினான். பெண்ணுக்குச் சம்மதம், பெண்ணின் அப்பாவுக்கும் சம்மதம். வீடு பார்க்க வருகிற நாளும் குறித்தாயிற்று. அதற்கு முந்தின நாள் பிரகாஷ் மாடிக்கு வந்து என் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"குரு, பெரிய சிக்கல்," என்றான். இந்த ஊரில் சிநேகிதனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அவங்க ஊரு குன்னூர்."

"நல்ல ஊருதானே?"

"ஆறாயிரம் அடி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அம்மாவுக்குத் தெரியுமா?"

"கோயம்புத்தூர் பக்கம்னு சொல்லி வச்சிருக்கேன். 'ஆயிரத்து முந்நூறா, பரவால்ல, நடுத்தரம்'னு சந்தோஷமா இருக்காங்க. கீதா அவங்க அப்பாகிட்டயும் சொல்லிட்டா, ஊர் பேரைச் சொல்லாதீங்கன்னு."

"அட பைத்தியக்காரா! வயசை மறைப்பான், சம்பளத்தை மறைப்பான். உயரத்தை மறைச்சுக் கல்யாணம் பண்றவனை இப்பதான்யா பாக்கறேன்."

அவன் சிரிக்கவில்லை. "இதுவும் போச்சுன்னா நான் ரிஜிஸ்டர் பண்ணிட்டு வேற வீடு போயிடுவேன் குரு. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். அவங்க தனியா இருக்கட்டும்." சொல்லும்போதே அவன் கண் கலங்கியது. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு அவனால் இருக்க முடியாது. இருந்தாலும் செய்துவிடுவான், அந்த அளவுக்கு வந்துவிட்டான். "நாளைக்கு நீயும் கூட இரு. அம்மா ஏதாவது ஆரம்பிச்சா பேச்சை மாத்து."

எனக்குப் பேச்சு மாற்றத் தெரியாது. உள்ளதைச் சொல்லத்தான் தெரியும். இருந்தாலும் போனேன்.

ஏப்ரல் மாதம், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. கீதா, அவள் அப்பா, அவள் அத்தை, மூன்று பேர் வந்தார்கள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், நல்ல பருமன். வாசல் ஏறும்போதே சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அம்மா தயாராக நின்று அவரிடம் ஸ்வெட்டரை நீட்டினார்.

"போட்டுக்குங்க. கீழேர்ந்து வர்றவங்களுக்கு இந்த ஊர் குளிர் ஒத்துக்காது."

அந்த மனுஷன் பெண்ணைப் பார்த்தார். பெண் தரையைப் பார்த்தாள். ஸ்வெட்டரை வாங்கி, கையை நுழைத்து, பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். வேர்வை நெற்றியிலிருந்து வழிந்து கண்ணுக்குள் போனது.

"எப்படி இருக்கு?" என்றார் அம்மா.

"ஜம்முன்னு இருக்குங்க. நல்ல குளிர்ங்க."

காப்பி வந்தது. பஜ்ஜி வந்தது. பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. பிரகாஷ் முகத்தில்கூடக் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் அத்தைக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அவர் முந்தானையால் விசிறிக்கொண்டே கூரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க, ஃபேனைக் காணமே? என்னா புழுக்கம்! எப்படித்தான் இந்த ஊர்ல இருக்கீங்களோ. எங்க குன்னூர்ல இந்நேரத்துக்கு ரெண்டு போர்வை வேணுமுங்க."

பிரகாஷ் கையில் இருந்த பஜ்ஜி கீழே விழுந்தது.

"குன்னூரா?" என்றார் அம்மா. அவர் கீதாவின் அப்பாவைப் பார்த்துத் திரும்பினார். "எத்தனை அடி?"

"அது... ஆறாயிரம் கிட்டத்தட்ட இருக்குமுங்க," என்றார் அவர், திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி.

அம்மா எழுந்தார். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். வெளியே வரவில்லை. பிரகாஷ் என்னைப் பார்த்தான். நான் எழுந்து உள்ளே போனேன்.

குழாயைத் திறந்துவிட்டு, கழுவாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஆறாயிரமாம்."

"ஆமாம்மா. நம்ம ஊர் மாதிரி ரெண்டு."

"பொய் சொல்லியிருக்கான் என் மகன்."

"சொல்ல வச்சது யாரு?"

திரும்பி முறைத்தார். நான் நிறுத்தவில்லை. "ரெண்டு சம்பந்தத்தை ஓட விட்டீங்க. அவனுக்கு முப்பத்து நாலு ஆச்சு. இதையும் ஓட விட்டா அவனும் போயிடுவான். அப்புறம் இந்த மூவாயிரம் அடியில நீங்க மட்டும் உக்காந்திருங்க. அங்க பாருங்க அந்த ஆளை. ஆறாயிரம் அடிக்காரர். நீங்க கொடுத்தீங்கன்னு ஸ்வெட்டரைக் கழட்டாம வெந்துக்கிட்டு இருக்கார். அரக்கோணத்துத் தம்பிகூட என் ரூமுக்கு ஓடி வந்து கழட்டிட்டாரு. இவர் கழட்டல. பொண்ணுக்காக."

அடுக்களைக் கதவு வழியாக ஹாலைப் பார்த்தார். அந்த மனுஷன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்வெட்டரின் மேல் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையை எடுத்துத் தன் கழுத்தைத் துடைத்தார். நன்றாக அழுத்தி, இரண்டு பக்கமும்.

"எனக்கும்தான் வேர்க்குது எழுநூறு," என்றார். "பல வருஷமா வேர்க்குது. நான் அதை யார்கிட்ட போய்ச் சொல்றது?"

குழாயை மூடினார். ஹாலுக்கு நடந்தார். கீதாவின் அப்பா பயந்துபோய் எழுந்து நின்றார். அம்மா அவருக்கு முன்னால் போய்க் கையை நீட்டினார்.

"கழட்டுங்க சம்பந்தி. வெந்து போயிருப்பீங்க. இந்த ஊரு முன்ன மாதிரி இல்ல."

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் பிரகாஷ் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அம்மா ஸ்வெட்டரை வாங்கி மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஏய் எழுநூறு, மரம் மாதிரி நிக்காதே. மேல போய் அந்த மிக்ஸியைக் கொண்டு வா."

அத்தை குழம்பிப்போனார். "மிக்ஸி எதுக்குங்க இப்ப? பஜ்ஜியே போதுமுங்க."

நான் இரண்டிரண்டு படியாகத் தாவினேன். ஃபேனைக் கொண்டுவந்து ஹாலில் வைத்துப் போட்டதும் அது கடகடவென்று கத்தியது. அதன் முன்னால் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அத்தைக்கு மிக்ஸி கதையைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் சைபர் வீட்டு ஜன்னல் திறந்தது. கீதாவின் அப்பா பனியன் தெரிகிற மாதிரி சட்டையை உதறிவிட்டுக்கொண்டு, "இப்பத்தானுங்க உசுரு வந்துச்சு" என்றார். அதற்கும் சிரிப்பு.

பிறகு கல்யாணப் பேச்சு. பெண் வீட்டில்தான் கல்யாணம் என்பது அவர்கள் வழக்கம். குன்னூரில் மண்டபம் பார்த்துவிடலாமா என்று அவர் இழுத்து இழுத்துக் கேட்டார். அம்மா யோசித்தது ஒரு நிமிடம்தான்.

"பாருங்க. நாங்க ஏறி வர்றோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, ரகசியம் கேட்கிற மாதிரி, "அங்க ஸ்டேஷன் இருக்கா?" என்றார்.

"மலை ரயிலே இருக்குதுங்க."

அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கே பொறாமையாக இருந்தது.

எல்லாம் பேசி முடித்து அவர்கள் கிளம்புகிற நேரம். அம்மா கீதாவின் அப்பாவை நிறுத்தினார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். கல்யாணம் முடிஞ்சு பொண்ணை அழைச்சிட்டு வரும்போது அவசரப்படுத்தாதீங்க. அவ்வளவு உசரத்துலேர்ந்து இறங்கறா. காது அடைக்கும், வயித்தைப் பிரட்டும். மேட்டுப்பாளையத்துல வண்டியை நிறுத்தி, ஏதாவது குடிக்க வச்சு, கொஞ்ச நேரம் உக்கார வச்சு, அப்புறம் கூட்டிட்டு வாங்க. புது இடம். பழக்கம் வர்றவரைக்கும் நான் பாத்துக்கறேன்."

கீதா பெங்களூருக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மாதம் தவறாமல் அந்த மலையில் பஸ்ஸில் ஏறி இறங்குகிறவள். பிரகாஷ் வாயைத் திறக்கப் போனான். அவள் அவன் காலை மிதித்ததை நான் பார்த்தேன்.

"சரிங்க அத்தை," என்றாள். "மெதுவாவே இறங்கி வர்றேன்."

அம்மா அவள் தலையைத் தொட்டுவிட்டு, குங்குமச் சிமிழ் எடுத்துவர உள்ளே போனார்.